பழைய லேப்டாப்பில் ஒரு படச்சட்டம்: பாட்டியின் பிஸ்கட் டின்னிலிருந்து ஹால் அலமாரி வரை

எங்கள் பாட்டி பால் மரம் வெட்டியவர், அதாவது கித்தா என்கிற ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்தில் கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது தோட்டக் குடியிருப்பான லயத்தைக் காலி செய்துகொண்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தோம். பாட்டி தூக்கி வந்த சாமான்களில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் குடும்பத்தின் படங்கள் எல்லாம் கிடந்தன. அவற்றை போனில் எடுத்துக் காட்டினால் பாட்டியின் விரல் பட்டதும் படம் நழுவி ஓடிவிடும். "எங்கடா போச்சு உங்க தாத்தா?" என்று தேடுவார்.

யாரும் தொடத் தேவையில்லாத, தானே படம் மாற்றுகிற ஒரு சட்டம் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கல்லூரிக் காலத்து 14 அங்குல லேப்டாப் ஒன்று அலமாரிக்கு மேல் சும்மா இருந்தது. மூன்று வார இறுதிகளில் வேலை முடிந்தது. செய்த வரிசையிலேயே சொல்கிறேன். பலர் திருப்புளியோடுதான் தொடங்குவார்கள். அது கடைசியில் வர வேண்டியது.

லேப்டாப் தேறுமா?

பேட்டரி போயிருந்தாலும், விசைப்பலகையில் நாலு எழுத்து வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. திரை சுத்தமாக எரிய வேண்டும், அடாப்டரில் நேராக ஓட வேண்டும், அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். நடுவில் அணையாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

திரையின் வயதையும் பாருங்கள். 2010-க்கு முந்தைய பல லேப்டாப்புகளில் திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருவது சிசிஎஃப்எல் என்கிற மெல்லிய குழல் விளக்கு. அதை எரிக்கத் திரையின் அடியில் நீளமான ஒரு இன்வெர்ட்டர் பலகை இருக்கும். அதில் பல நூறு வோல்ட் ஓடும், குழலுக்குள் சிறிது பாதரசமும் உண்டு. முதன்முதலாகச் செய்கிறவர்கள் அந்த வகையைத் தொட வேண்டாம். பின்னால் வந்த எல்இடி திரைகளில் இந்த ஆபத்து இல்லை.

பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ நெம்பவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. நம் நாட்டில் பழைய மின்சாதனக் கழிவு 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக, அதாவது தனியாகக் கையாள வேண்டிய கழிவாக வருகிறது. மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். பேட்டரி நல்ல நிலையில் இருந்தாலும் நான் கழற்றிவிடத்தான் சொல்வேன். நம் ஊர் வெக்கையில், மூடிய பெட்டிக்குள், எந்நேரமும் முழுச் சார்ஜில் கிடக்கிற பேட்டரி நாளடைவில் உப்பும்.

படங்கள்தான் பெரிய வேலை

மூன்று வார இறுதிகளில் இரண்டு இதற்கே போயின. டின்னைத் திறந்ததும் பழைய காகித வாசனையோடு பூஞ்சை வாசனையும் வந்தது. சில படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், படத்தின் மேல்பூச்சு மற்றதோடு போய்விடும். மேலே தெரிவதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒட்டியதை அப்படியே பத்திரப்படுத்துங்கள். தூசியை மெல்லிய வண்ணத் தூரிகையால் தள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

ஸ்கேனர் கிடைத்தால் நல்லது. 4ஆர் அளவுப் படத்தை (4-க்கு 6 அங்குலம்) 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 1200-க்கு 1800 புள்ளி கிடைக்கும். பழைய லேப்டாப் திரைகள் பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளிதான், ஆகவே அது தாராளம். சின்னப் படங்களுக்கு மட்டும் அளவைக் கூட்ட வேண்டும். எங்கள் தாத்தாவுக்கு இருக்கிற ஒரே இளவயதுப் படம் அடையாளக் கார்டுக்காக எடுத்தது. 1948-ல் அவசரகாலம் தொடங்கியபோது 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படம் ஒட்டி, கட்டைவிரல் ரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்காக வெள்ளைத் துணிக்கு முன்னால் விறைப்பாக நின்று எடுத்த படம் அது. அகலம் ஒரு அங்குலம்கூட இருக்காது. அதை 1200 டிபிஐ-யில் எடுத்தேன். திரையில் வந்தபோது சட்டையின் மேல் பொத்தான் வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதுவரை வீட்டில் யாருமே கவனித்ததில்லை.

ஸ்கேனர் இல்லாவிட்டால் போனே போதும். காலை ஒன்பது பத்து மணிக்கு, நேர் வெயில் விழாத ஜன்னலோரம் படத்தைத் தரையில் வையுங்கள். பிளாஷ் வேண்டாம். ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறை தானாகக் கழன்றால் கழற்றுங்கள். போனைப் படத்துக்கு நேர் மேலே, தரைக்கு இணையாகப் பிடியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் சதுரப் படம் கோணலாகிவிடும். போனின் நிழல் விழுந்தால் சற்று உயரமாகப் பிடித்துப் படத்தைப் பெரிதாக்கி எடுக்கலாம்.

படத்தின் முதுகையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, யாரோ பென்சிலில் கிறுக்கிய பெயர், தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

உறவினர்களிடம் படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் முழு அளவில் வரும். ஐபோன்காரர்கள் அனுப்புவது சில நேரம் ஹெய்க் வடிவத்தில் வந்து சேரும். பழைய கணினி அதைத் திறக்காது, ஜேபெக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர் எழுதுவது. எந்த இடம், யார் யார் என்று ஒவ்வொரு படத்தின் அடியிலும் போனிலேயே ஒரு வரி தமிழில் பெரிதாக எழுதிச் சேமித்தேன். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாலை முழுவதும் இதைச் செய்தோம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கிற கங்காணி, கையில் பால் வாளியோடு சின்னம்மா, கோயில் திருவிழாவில் காவடிக்குப் பின்னால் பாதி மறைந்த ஒரு பையன். அவன் யாரென்று மட்டும் பாட்டிக்கு நினைவு வரவில்லை. அந்தப் படத்துக்கு 'காவடிக்குப் பின்னால் யார்?' என்றே எழுதி வைத்தேன்.

எல்லாப் படத்தையும் போடாதீர்கள். எங்களிடம் 400-க்கு மேல் சேர்ந்தது, சட்டத்தில் போட்டது 120. ஒரே கல்யாணத்தில் இருபது படம் அடுத்தடுத்து வந்தால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார். 400-ஐயும் தனியாக இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

திறப்பதற்கு முன் மென்பொருள்

நான் சொல்கிற முறையில் விசைப்பலகை கடைசியில் சுவர்ப்பக்கம் போய்விடும். அதனால் எல்லா அமைப்பையும் லேப்டாப் முழுதாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

முதலில் உங்கள் சொந்தக் கோப்புகள், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஆரம்பியுங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியை இணையத்தில் விடக் கூடாது. வைஃபையை அணைத்துவிட்டுப் பென்டிரைவில் படம் ஏற்றுங்கள். 'அப்டேட் செய்யவா?' என்று பாட்டியின் முகத்துக்கு மேல் ஒரு பெட்டி வந்து நிற்கிற தொல்லையும் இருக்காது.

கடவுச்சொல் இல்லாத ஒரு கணக்கு உருவாக்குங்கள். பவர் அமைப்பில் திரை அணைவது, தூங்குவது இரண்டையும் 'ஒருபோதும் வேண்டாம்' என்று வையுங்கள். மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். திரைச் சட்டத்தில் ஒரு குட்டிக் காந்தமும், அடிப்பாகத்தில் அதை உணரும் சென்சாரும் இருக்கும். திரையைப் பின்னால் மடக்கும்போது காந்தம் சென்சாருக்கு அருகில் வந்தால், மூடிவிட்டதாக நினைத்து லேப்டாப் தூங்கிவிடும். பவர் பட்டனுக்கு 'ஷட்டவுன்' என்று வையுங்கள்.

படம் ஓட்ட நான் பயன்படுத்துவது இர்ஃபான்வியூ. வீட்டு உபயோகத்துக்கு இலவசம், பழைய கணினியிலும் சுருக்காக ஓடும். அதன் ஸ்லைடுஷோ பகுதியில் படங்களைச் சேர்த்து, வரிசை கலைந்து வரும்படியும், திரைக்குப் பொருந்தும்படியும், முடிந்ததும் மறுபடி தொடங்கும்படியும் குறியிடுங்கள். பிறகு ஸ்லைடுஷோவை இஎக்ஸ்இ கோப்பாகச் சேமிக்கிற வசதி அங்கேயே இருக்கிறது. அந்தக் கோப்பை விண்டோஸின் 'ஸ்டார்ட்அப்' கோப்புறையில் போட்டுவிட்டால், கணினி எழுந்ததும் படம் தானே ஓடத் தொடங்கும். புதுப் படம் சேர்க்கக் கோப்பை மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும். நாங்கள் தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை செய்கிறோம்.

ஒரு படம் எத்தனை விநாடி நிற்கலாம்? முதலில் 10 என்று வைத்தேன். பாட்டி கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள் படம் மாறிவிட்டது. "கொஞ்சம் நிக்கச் சொல்லுடா தம்பி" என்றார். 45 விநாடியாக்கினேன். வயதானவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால் இதற்குக் கீழே போகாதீர்கள்.

கடைசியாக, மதர்போர்டில் இருக்கிற காசு போன்ற சிஆர்2032 பேட்டரி. பழைய லேப்டாப்பில் இது பெரும்பாலும் தீர்ந்திருக்கும். தீர்ந்துவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்த ஒவ்வொரு முறையும் தேதி அழிந்து, 'எஃப்1 அழுத்து' என்று கேட்டுக்கொண்டு கணினி அப்படியே நிற்கும். சட்டத்துக்குள் போன பிறகு எஃப்1 அழுத்த வழியில்லை. சில வெள்ளிச் செலவுதான், முன்பே மாற்றிவிடுங்கள்.

திறப்பது

அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் போய்விடும்.

ஓர் அட்டையில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளத் திருகாணியைக் குட்டையானது இருந்த இடத்தில் முடுக்கினால் பலகையைத் துளைத்துவிடும்.

திரையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் சின்ன ரப்பர் ஒட்டுகள் தெரியும். அவற்றுக்கு அடியில் திருகாணி உண்டு. நான் ஒன்றைக் கவனிக்காமல் நெம்பியதில் வலது மூலை விரிசல் விட்டது. எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, பழைய டச் அண்ட் கோ டோல் அட்டை ஒன்றைச் சட்டத்தின் உள் விளிம்பில் நுழைத்துச் சுற்றி நெம்பிக்கொண்டே வாருங்கள். பட் பட்டென்று கொக்கிகள் விடுபடும். அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

இப்போது திரைப் பலகம் தெரியும். இரு பக்கமும் கம்பியோடு சேர்த்துக் குட்டித் திருகாணிகள் இருக்கும். விசைப்பலகை மேல் ஒரு துண்டை விரித்து, திருகாணிகளைக் கழற்றி, பலகத்தை முகம் கவிழ்ந்தபடி அதன்மேல் மெதுவாகச் சாயுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள், முதுகில் அழுத்தினால் திரையில் கறை விழும். அதன் முதுகில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் திரை போனால் அதே எண்ணில் வாங்கலாம்.

பலகத்தின் முதுகில் அடிப்பக்கம் ஒரு மெல்லிய கேபிள் செருகியிருக்கும். அதைச் செருகியபடியே விடுங்கள். கேபிள் ஒளிந்து வருகிற பாதையில் பிளாஸ்டிக் கொக்கிகளும் டேப்பும் இருக்கும். ஒவ்வொன்றாக விடுவித்தால் கேபிளுக்குச் சில சென்டிமீட்டர் தாராளம் கிடைக்கும். கூடவே வருகிற கருப்பு, வெள்ளை ஒயர்கள் வைஃபைக்கானவை. இணையம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதால் அவற்றைக் கழற்றிவிடலாம்.

பிறகு கீல்களைக் கழற்றுங்கள். இப்போது திரையை முழுவட்டமாகப் பின்னால் மடக்கலாம். அதாவது திரையின் முதுகு லேப்டாப்பின் அடிப்பாகத்தைப் பார்க்கும், விசைப்பலகை சுவரைப் பார்க்கும், கீல் இருந்த பக்கம் சட்டத்தின் கீழ்ப்பக்கமாக அமையும். மதர்போர்டைப் பிரித்து வெளியே எடுக்கிறவர்களும் உண்டு. தடிமன் குறையும் என்பது உண்மைதான். ஆனால் விசிறியும் காற்றுப் பாதையும் அந்த ஓட்டுக்குள் இருப்பதாக வைத்துச் செய்யப்பட்டவை. ஓட்டை அப்படியே விடுவது நல்லது.

கேபிள் எட்டவில்லை என்றால் இழுக்காதீர்கள், கூர்மையாக மடிக்கவும் வேண்டாம். உங்கள் செருகிக்குப் பொருந்துகிற நீட்டிப்பு கேபிள் தேடலாம். பழைய எல்இடி திரைகளில் 40 முனையும், பின்னால் வந்தவற்றில் 30 முனையும் வழக்கம். இல்லையென்றால், லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையிலிருந்து திரையை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் பலகையைத் திரையின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்துக்குள் போடுவதற்கு முன் மேசைமேல் ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள்.

சட்டம்

பிரேம் கடையில் கிடைக்கிற சட்டங்கள் மெல்லியவை. நமக்கு உள்ளாழம் 6 முதல் 7 சென்டிமீட்டர் வேண்டும்: திரைக்கு 1, நடுவில் இடைவெளி 2, அடிப்பாகத்துக்கு சுமார் 3.

நான் எடுத்தது ரப்பர் மரம். கோலா கங்சாரில் 1877-ல் நட்ட கன்றுகளிலிருந்து இந்த நாட்டில் பரவிய மரம், எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 25, 30 வருடம் பால் தந்தபின் சாய்த்து, முன்பெல்லாம் விறகாக எரித்தார்கள். இப்போது நாற்காலி, மேசை செய்கிறார்கள். பாட்டி கத்தி வைத்த மரத்திலேயே பாட்டியின் படங்கள் இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. பச்சை ரப்பர் மரம் மட்டும் வாங்காதீர்கள், வண்டு துளைக்கும், நீலப் பூஞ்சை பிடிக்கும். போரான் ஏற்றிச் சூளையில் காயவைத்த பலகையாகக் கேளுங்கள். மேசை நாற்காலி செய்கிற பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டே போதும்.

7 சென்டிமீட்டர் அகலப் பலகையை மூலைக்கு 45 பாகையில் வெட்டிப் பெட்டிபோல ஒட்டுங்கள். முன்பக்கத்துக்கு மவுன்ட் அட்டை. 14 அங்குல அகலத் திரையின் ஒளிரும் பகுதி சுமார் 31-க்கு 17.4 சென்டிமீட்டர். அட்டையின் ஜன்னலை ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டர் குறைத்து வெட்டினால் திரையின் விளிம்பு தெரியாது. உங்கள் திரையை எரியவிட்டு நீங்களே அளந்துகொள்ளுங்கள். முன்னால் கண்ணாடி போடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும், சூடும் உள்ளே தங்கும்.

திரையைப் பசையால் ஒட்ட வேண்டாம். பக்கவாட்டுத் திருகாணித் துளைகளிலேயே சின்ன எல் வடிவத் தகடுகள் வைத்துச் சட்டத்தோடு பிடியுங்கள். அதற்குப் பின்னால் 2 சென்டிமீட்டர் கனமுள்ள மரத்துண்டுகளை நான்கு மூலையிலும் வைத்து, அவற்றின்மேல் அடிப்பாகம் உட்கார வேண்டும். பெரும்பாலான லேப்டாப்புகள் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கும், அந்த இடைவெளியை அடைத்துவிடாதீர்கள்.

பின்பலகைக்கு 3 மில்லிமீட்டர் பிளைவுட். கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை துளை போடுங்கள். சூடான காற்று மேலே ஏறிப் போகும்போது குளிர்ந்த காற்று கீழே நுழையும். விசிறியின் வாய்க்கு எதிரே பெரிய துளை. எல்லாத் துளைக்கும் உள்பக்கமாகக் கொசுவலை ஒட்டுங்கள். எறும்புக்கும் பல்லிக்கும் வெதுவெதுப்பான பெட்டி என்றால் உயிர். பவர் பட்டன் இருக்கிற இடத்தில் விரல் நுழைகிற அளவு ஒரு துளை போதும். காலையில் அண்ணன் மகள் பள்ளிக்குப் போகுமுன் அழுத்திவிட்டுப் போகிறாள், இரவில் அப்பா அழுத்தி அணைக்கிறார்.

எங்கே வைப்பது

நான் முதலில் சுவரில், கதவுக்கு மேலே மாட்ட நினைத்தேன். தாத்தா படம் அங்கேதானே மாட்டுவோம். ஆனால் பழைய லேப்டாப் திரைகளில் பெரும்பாலானவை டிஎன் வகை. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் முகங்கள் கறுத்து, நிறம் தலைகீழாகிவிடும். உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் வைத்தால்தான் படம் படமாகத் தெரியும். நிமிர்த்தி நீளவாக்கில் வைப்பதும் இதே காரணத்தால் சரிவராது. இடது பக்கம் இருப்பவருக்கு ஒரு நிறம், வலது பக்கம் இருப்பவருக்கு வேறு நிறம் தெரியும். எங்களுடையது பாட்டியின் நாற்காலிக்கு எதிரே, ஹால் அலமாரியில் படுக்கைவாக்கில் இருக்கிறது. சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்திருக்கிறோம்.

சாமி மேடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். விளக்கு எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிக் கரியும் விசிறி வழியாக உள்ளே போய்ப் பிசுக்காகப் படியும்.

மாலை இடி நம் பக்கத்தில் சாதாரணமானதில்லை. சிரிம் தர முத்திரை உள்ள, மின்னல் பாதுகாப்பு வைத்த நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். இடி கேட்டால் அதையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அடாப்டர் சட்டத்துக்கு வெளியே, காற்றாட இருக்கட்டும். மின்சாரச் செலவு அதிகமில்லை. 25 வாட் இழுக்கிற லேப்டாப் தினம் 14 மணி நேரம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 10 யூனிட்.

முதல் வாரம் தினமும் ஒரு முறை பின்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் துளைகளைக் கூட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வலையில் சேர்ந்த தூசியைத் தட்டுங்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை உளுந்து வடையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் அதே தோட்டம்தான். காவடிப் படம் வந்தது. 45 விநாடி முடிவதற்குள் வடையைக் கீழே வைத்துவிட்டு, "அது எங்க பெரியண்ணன்ல?" என்றார். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் போவதற்குள் படம் மாறிவிட்டது. 120 படமும் சுற்றி வருவதற்கு ஒன்றரை மணி நேரம். இருவரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.